சப்ளி என்ற தலைப்பிரட்டைக்கு நன்றி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். செகந்திராபாத் மகாங்காளி அம்மன் சாட்சி. என் மேல்வரிசையில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல் சாட்சி. வழக்கப்படி மனைவி தலையில் கை வைத்தும் சத்தியம் செய்துவிடலாம் என்று போனேன். ஜலஜா தலையை இழுத்துக்கொண்டாள்.

"நக்கோ, வேண்டாம். நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சைக் கேட்டவள், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். நீங்கள் நம்பினால் போதும்.

என் பெயர் வரதராஜன். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்குப் பிழைக்க வந்து மாரேட்பள்ளியிலேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது கலந்த ஹிந்தி. தவளைக்கு நீர், நிலம் என்று இரண்டு வாழ்க்கைதான். எங்களுக்கு ஒன்று கூடுதல். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதன்பிறகு செய்ததெல்லாம் பேச்சுதான். கேட்கத்தான் ஆளில்லை. ஜலஜா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பாள்.

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஞானோதயா பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் துணி துவைக்கிற கல், அதை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், முதல் மழை பெய்த மறுநாள் காலை, சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஏழாம் வகுப்பு டீச்சர் ரமா. திருநெல்வேலிப் பெண்.

"பெரியப்பா, ஒங்க தொட்டியில முட்டை கெடக்கு."

"யாரும்மா போட்டது?"

"தவளைதான்."

போய்ப் பார்த்தேன். ஊறவைத்த சப்ஜா விதையைக் கொட்டியதுபோல, வழுவழுவென்று, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.

"கொஞ்ச வாரம் இதை யாரும் தொடாம இருந்தா, எங்க பிள்ளைங்களுக்கு முட்டையில இருந்து தவளை வரைக்கும் கண்ணாலயே காட்டிருவேன் பெரியப்பா. புஸ்தகத்துல இருக்க படத்தைப் பாத்தா பிள்ளைங்களுக்குக் கொட்டாவிதான் வருது."

"அதுவரைக்கும் துணி எங்கே துவைக்கிறதாம்?" என்று ஜலஜா உள்ளேயிருந்து கேட்டாள்.

"அழுக்கு எங்கேயும் ஓடிப்போகாது" என்றேன். அன்று எனக்கு மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதம்.

அன்றிலிருந்து தினமும் பிள்ளைகள் வரிசையாகப் பின்வாசல் வழியே வந்தார்கள். ரமா தொட்டி ஓரம் உட்கார்ந்து பாடம் நடத்துவாள். இடையில் நான் என் அனுபவங்களைச் சொல்வேன். ஜீடிமெட்லாவில் தலைவலி மாத்திரை கலந்த குட்டையில் ஒரு தவளைக்கு வாழ்நாள் முழுக்கத் தலையே வலிக்காததைச் சொன்னேன். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். ராகேஷ் என்ற ஒருவன் மட்டும், "ப்ரூஃப் ஏமிட்டி தாத்தா?" என்று ஆதாரம் கேட்பான். ரமா சொல்லிக்கொடுத்த கெட்ட பழக்கம் அது. ஆனாலும் அவள்மேல் எனக்கு நன்றி பொங்கியது. கேள்வி கேட்கவாவது என்னைக் கவனித்தார்களே.

ரமா நிரந்தர டீச்சர் இல்லை. வேறொரு டீச்சர் பிரசவ விடுப்பில் போன இடத்தில் நிற்கிறவள். அவள் கணவன் தியாகுவைக் கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் கம்பெனி வேலை தராமல் 'பெஞ்ச்'சில் உட்காரவைத்து, பிறகு பெஞ்சையும் எடுத்துவிட்டது. இவள் வேலையும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அப்போதுதான் கணேஷ்குமார் வந்தான். கோயம்புத்தூர்க்காரன். அதே கச்சிபௌலியில் இன்னொரு கம்பெனியில் மேனேஜர். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை, காதில் போன். அமெரிக்காவிலிருந்து அவர்களுடைய பெரிய க்ளையண்ட் வரப்போகிறாராம். கம்பெனி ஏழைப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நல்லது செய்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டுமாம். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் புருஷோத்தமன் அவனை நேரே எங்கள் தொட்டிக்கு அழைத்து வந்தார்.

கணேஷ்குமார் குனிந்து பார்த்தான். முட்டைகள் அதற்குள் பொரிந்து, தொட்டி முழுக்கக் கறுப்பு வால்கள்.

"மேடம், இது மொத்தம் எத்தனை நாளுங்க?"

"தண்ணியோட சூடு, தீனி, எடம் எல்லாத்தையும் பொறுத்தது சார். தோராயமா ஆறு வாரம், எட்டு வாரம்னு..."

"தோராயம்னு போட்டு க்ளையண்ட்டுக்கு எப்படிங்க அனுப்பறது? சரி, ஒரு தலைப்பிரட்டைக்கு எட்டு வாரம். இங்க ஐந்நூறு இருக்கும்போல இருக்குதுங்களே. எல்லாத்தையும் சேர்த்து இறக்கினா சீக்கிரம் முடியாதுங்களா?"

ரமா சிரிக்காமல் பதில் சொன்னாள். "கூட்டம் சேந்தா இன்னும் லேட்டாகும் சார்."

"எங்க கம்பெனியிலயும் அப்படித்தாங்க ஆகுது. இருந்தாலும் கேக்கறது வழக்கம்."

அடுத்த வாரம் பள்ளிச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. கம்பெனி முத்திரையோடு ஐந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் தேதி. முட்டை. தலைப்பிரட்டை. முன்னங்கால். பின்னங்கால். கடைசிக் கட்டத்தில் பச்சைத் தவளை ஒன்று பல் தெரியச் சிரித்தது. அதன் கீழே, 'ஆகஸ்ட் இரண்டாம் வியாழன், காலை பதினொன்றரை: தவளை ரெடி.' புருஷோத்தமன் ஃப்ளெக்ஸுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். அமெரிக்காவுக்கும் ஒரு பிரதி போய்விட்டது.

ரமா அதைப் பார்த்துவிட்டு நேரே கணேஷ்குமாரிடம் போனாள்.

"சார், இது தப்பு. தவளைக்கு மொதல்ல பின்னங்கால்தான் வெளிய தெரியும். முன்னங்கால் மொதல்ல வாரது சாலமாண்டருக்கு. நீங்க நெட்ல வேற படத்தை எடுத்துட்டீங்க. நடுவுல பூராவும் சாலமாண்டர், கடைசியில மட்டும் தவளை."

அதைக் கேட்டுப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். சாலமாண்டர் என்றால் என்ன?

"பாக்கப் பல்லி மாதிரி இருக்கும். பல்லி கெடையாது. தவளைக்குச் சொந்தக்காரன்" என்றாள் ரமா. "பல்லிக்குச் செதில் உண்டு, இதுக்கு ஈரத்தோல். குஞ்சா தண்ணியில கெடக்கும்போது கழுத்துல எறகு மாதிரி செவுள் இருக்கும். தவளைக்கு வால் போயிரும், இதுக்குப் பெரிசானாலும் போகாது. நம்ம நாட்டுல டார்ஜிலிங் பக்கம்தான் இருக்கு."

"சார்மினார் தெக்கர தொருகுதுந்தா டீச்சர்?" என்றான் ராகேஷ். சார்மினார் பக்கம் கிடைக்காத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவன் எண்ணம்.

கணேஷ்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "மேடம், இதை க்ளையண்ட் ஓகே பண்ணிட்டாங்க. இனி மாத்தறதுன்னா நாலு பேர் அனுமதி வாங்கணுமுங்க. தலைப்பிரட்டையை மாத்த முடியுமான்னு பாருங்களேன்."

புருஷோத்தமன் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். தனியே என்றால் எங்கள் கொல்லைச் சுவரோரம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தற்செயலாக ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தேன்.

"ரமா மேடம், ஃப்ளெக்ஸ் போட்டாச்சு, தேங்காய் உடைச்சாச்சு. அன்னைக்குப் பிள்ளைங்க ஃப்ளெக்ஸ்ல இருக்கிறதைத்தான் சொல்லணும். சொன்னா உங்களுக்கு பர்மனென்ட் ஆர்டர், அன்னைக்கே. யாராவது பின்னங்கால்னு வாயைத் திறந்தாங்கன்னா மறுநாள் வேற டீச்சர். சம்ஜே? புரிஞ்சுதா?"

அன்று சாயங்காலம் ரமா தொட்டி ஓரம் வந்து உட்கார்ந்தாள். ஜலஜா காபி கொடுத்தாள். ரமா அதை ஆறவிட்டுவிட்டாள்.

"பெரியம்மா, பொய்யைப் பாடமா நடத்த எனக்கு வாய் வர மாட்டேங்கு. ஊருக்கு டிக்கெட் எடுக்கவும் மனசு வரல."

"ஒரே ஒரு நாள் பொய்தானேம்மா?" என்றேன். பொய் சொல்வது அவ்வளவு சிரமமான காரியமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

"ஒரு நாள்தான் பெரியப்பா. ஆனா பிள்ளைங்க தெனமும் வந்து கண்ணால பாக்குதுங்க. நீ பாத்தது தப்பு, சொவத்துல ஒட்டினதுதான் சரின்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவள் போனபிறகு ஜலஜா என்னைப் பார்த்தாள். "கைக்கு, எதுக்கு சும்மா உட்கார்ந்திருக்கீங்க? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்யுங்க."

செய்தேன். ஃப்ளெக்ஸில் இருந்ததை மனப்பாடம் செய்துகொண்டு தலைப்பிரட்டைகளுக்குக் காலையும் மாலையும் சொன்னேன். "பாருங்கப்பா, உங்கள் டீச்சர் வேலை உங்கள் கையில்தான். கையில் என்றால் உண்மையிலேயே கையில். முதலில் அதை வெளியே விடுங்கள்." முதலில் தெலுங்கில் சொன்னேன். ஜலஜா போட்ட புளிச்சக்கீரையைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தன. தெலுங்குக்காரர் உயிராக நினைக்கும் அந்தக் கோங்கூராவை அவ்வளவு ஆசையாகத் தின்கிற ஜந்துவுக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்காது, பிடிவாதம்தான். தமிழில் கெஞ்சினேன். ஒரு பெரிய தலைப்பிரட்டை மேலே வந்து, ஒரு குமிழி விட்டு, திரும்பிக்கொண்டது. அதன் வாலடியில் இரண்டு பக்கமும் குண்டூசி முனைபோல ஏதோ துருத்தியது. பின்னங்கால்.

கணேஷ்குமார் தினமும் போன் செய்தான்.

"பெரியவரே, இன்னைக்கு எத்தனை பர்சென்ட்டுங்க?"

"வால் நூறு. பின்னங்கால் முப்பது. முன்னங்கால் பூஜ்யம்."

"வாலைக் குறைச்சுக் காலைக் கூட்ட முடியுங்களா?"

"அதைத்தான் அவையும் செய்துகொண்டிருக்கின்றன தம்பி. வரிசைதான் உங்கள் வரிசை இல்லை."

புளிச்சக்கீரையின் சக்தி எனக்குத் தெரியும். அவ்வளவு சக்தி என்று தெரியாது. வியாழக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே மொத்தக் கூட்டத்துக்கும் நாலு காலும் வந்து, வாலும் சுருங்கி, சுவரேறிக் குதித்துப் பள்ளிக்குள் போய்விட்டன. காலையில் ரமா வருகைப்பதிவு எடுக்கும்போது வராத பையன்களுக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து 'ப்ரெசென்ட்' குரல் கேட்டது. அந்த வாரம் பள்ளியில் நூற்றுக்கு நூறு வருகை.

ஆனால் ரமாவுக்கு அது பேரிடி. நாலு காலும் வந்த தவளையைப் பார்த்து எந்தக் கால் முதலில் வந்தது என்று யார் சொல்ல முடியும்? ஃப்ளெக்ஸ் சொல்வதுதான் நிற்கும்.

தொட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் ஓடியாடித் தின்னும்போது ஒரு மூலையில் பாசியோடு ஒட்டிக்கொண்டு யோசனையில் இருக்கும் சோம்பேறி. பிள்ளைகள் அதற்கு 'சப்ளி' என்று பேர் வைத்திருந்தார்கள். இங்கே பரீட்சையில் தவறியவன் மறுபடி எழுதுகிற பரீட்சைக்கு அதுதான் பேர். மற்றவை தவளையாகிப் போனபிறகும் சப்ளிக்குப் பின்னங்கால் இரண்டு மட்டும்தான். நான் அதனிடம் எதுவும் சொல்லவில்லை. தோற்றவனிடம் போய் என்ன கேட்பது?

வியாழக்கிழமை வந்தது. கம்பெனி பஸ் வந்தது. க்ளையண்ட் ஒரு அம்மாள். பெயர் லிண்டா, ஆரிகன் மாநிலத்துக்காரர், நரைத்த தலை, கனமான காலணி. புருஷோத்தமன் மாலை போட்டார். கணேஷ்குமார் அவரை ஃப்ளெக்ஸ் முன்னால் நிறுத்தி ஒவ்வொரு கட்டமாக விளக்கினான். பிறகு எல்லாரும் எங்கள் கொல்லைக்கு வந்தார்கள். சிரித்த தவளையோடு ஃப்ளெக்ஸையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குப் பின்னால் பிடித்தார்கள்.

"மேடம், பிள்ளைங்களைக் கேளுங்க" என்றார் புருஷோத்தமன். கண்ணாலேயே ஃப்ளெக்ஸைக் காட்டினார்.

ரமா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஜலஜா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுபாஸ்ரீ, தவளைக்கு மொதல்ல எந்தக் கால் வரும்?"

முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் சுபாஸ்ரீ, ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"அதைப் பாக்காத" என்றாள் ரமா. "தொட்டியைப் பாத்துச் சொல்லு."

புருஷோத்தமன் இருமினார். சுபாஸ்ரீ குனிந்தாள். பாசி விலகியது. சத்தியமாகச் சொல்கிறேன், மூலையை விட்டு ஒருநாளும் நகராத சப்ளி, நடுத்தொட்டிக்கு நீந்தி வந்து, மேலே மிதந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பின்னங்கால்களையும் அகல விரித்து நின்றது. முன்னால் வெறும் வழவழப்பு.

"வெனக காள்ளே மேடம்!" என்று சுபாஸ்ரீ கத்தினாள். "நேனு சூசானு!"

பின்னங்கால்தான், நானே பார்த்தேன் என்கிறாள். லிண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர் அதை இங்கிலீஷில் சொன்னார். கணேஷ்குமார் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. புருஷோத்தமன் ரமாவைப் பார்த்த பார்வையில் நெல்லை ரயிலின் ஊதல் கேட்டது.

லிண்டா பெரிதாகச் சிரித்தார். நான் அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"அப்பாடா! சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்னால் ஓடையில் சாலமாண்டர்களோடுதான் விளையாடுவேன். உங்கள் படத்தைப் பார்த்தேன். சாலமாண்டராக வளர்ந்து தவளையாக முடிகிற ஒரு பிராணி ஹைதராபாத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். ஒப்பந்தம் எல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். நான் இவ்வளவு தூரம் வந்ததே அதைப் பார்க்கத்தான்."

எல்லாரும் கணேஷ்குமாரைப் பார்த்தார்கள். அவன் அடையாள அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

"சுவரில் இருப்பதைப் படிக்கிற குழந்தைகளை எல்லா ஊரிலும் பார்த்துவிட்டேன்" என்றார் லிண்டா. "இந்த டீச்சர் யார்?"

புருஷோத்தமன் சட்டென்று ரமாவின் பக்கத்தில் போய் நின்றார். "நாங்கதான் மேடம் ட்ரெய்னிங் கொடுத்தோம். ஹவ், ஆமா, நான்தான் சொன்னேன், தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கன்னு."

அந்த நேரம் பார்த்து ராகேஷ், "தாத்தா, சூடண்டி!" என்று தொட்டியைக் காட்டிக் கத்தினான். சப்ளியின் இடது பக்கத் தோல் புடைத்தது. குடை விரிகிற மாதிரி டப்பென்று ஒரு முழங்கை வெளியே வந்தது. அடுத்த மூச்சில் வலது கை.

"முன்னங்கால் தோலுக்கு உள்ளேயேதான் வளந்துக்கிட்டு இருக்கும் பிள்ளைங்களா. நேரம் வந்தா இப்படித்தான் திடீர்னு வெளிய வரும்" என்றாள் ரமா. பள்ளிக் கடிகாரம் பதினொன்றரை காட்டியது.

"ஆன் டைம் டெலிவரி!" என்று கணேஷ்குமார் அழுதுவிட்டான்.

பிறகு புருஷோத்தமனின் நன்றியுரை. விமானம் ஏறப்போகிறவர் போல அவசரமாகத் தொடங்கினார். பிறகு அவசரத்தை மறந்துவிட்டார். கம்பெனிக்கு நன்றி, அமெரிக்காவுக்கு நன்றி, ஷாமியானாக்காரருக்கு நன்றி. எங்களுக்கெல்லாம் பசி. "வால் சுருங்கும்போது தவளை சாப்பிடாது. வாலையே சாப்பாடா ஆக்கிக்கிடும்" என்று ரமா பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அந்தக் கொல்லையில் சாப்பாடு கிடைத்த ஒரே ஆள் சப்ளிதான். நன்றியுரை தொடங்கும்போது விரல் நீளம் இருந்த வால், 'ஜெய்ஹிந்த்' சொல்லும்போது சுத்தமாக இல்லை. பாடப்புத்தகம் அதற்குப் பல நாள் ஆகும் என்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் புருஷோத்தமனின் நன்றியுரையைக் கேட்டதில்லை.

லிண்டா விடைபெற்றுக் கம்பெனி பஸ் ஏறினார். பஸ்ஸின் ஏசியிலிருந்து படிமேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சப்ளி தொட்டி விளிம்பில் ஏறி, ஒருமுறை ரமாவைத் திரும்பிப் பார்த்து, மூன்றே தாவலில் படியேறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. கச்சிபௌலியில் நல்ல வேலையில் இருப்பதாகக் கேள்வி. ரமாவின் கணவன் தியாகுவைக் கூட்டிப்போய் அதன் பக்கத்து மேஜையிலேயே உட்காரவைத்தது கணேஷ்குமார்தான். அந்தக் கட்டிடத்தில் அதன்பிறகு கொசு இல்லை.

ரமாவுக்கு அன்றைக்கே நிரந்தர ஆர்டர் கிடைத்தது. அவள் ஜலஜாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜலஜாவும் அழுதாள். தொட்டி காலியான சந்தோஷமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

யாருக்கெல்லாமோ நன்றி சொல்கிறோம். பொய்யைப் பாடமாக நடத்த வாய் வராத ஒருத்திக்காக, கூட்டத்தோடு கரையேறாமல் கடைசி வரை தொட்டியில் காத்திருந்த அந்த ஜந்துவுக்கு யாரும் மாலை போடவில்லை. நான் போடுகிறேன். அவள் இந்த ஊரில் தங்கினாள். பிள்ளைகளும் வந்துகொண்டே இருந்தார்கள். தெருமுனையில் என்னைப் பார்த்தால் இன்றும் நின்று, "அப்புறம் என்னாச்சு பெரியப்பா?" என்று கேட்கிறாள். என் வயதில் ஒரு மனிதனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ரமா டீச்சர் இன்னமும் ஞானோதயா பள்ளியில்தான் இருக்கிறாள். சேர்ந்த நாள் முதல் அவள் நடத்துவது அறிவியல் இல்லை, கணக்கு.